பெரிய பாயிலிருந்து ஒரு சின்னப் பாய்

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது, 26 கிலோ. நன்றாக நீந்துவாள். போன சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் விண்ட்சர்ஃபிங் பலகையில், அதாவது பாய் பூட்டிக் காற்றில் ஓட்டுகிற பலகையில், ஏறி நின்று, தண்ணீரில் கிடந்த பாயைத் தூக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பாய் ஒரு சாண் எழும்பியது. பிறகு அவளைத்தான் தண்ணீருக்குள் இழுத்தது. ஏழெட்டுத் தரம் இப்படி நடந்தது. அழவில்லை. கரைக்கு வந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "மாமா, எனக்குப் பெலன் காணாது" என்றாள். அந்தச் சொல்தான் என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டது. அவளுக்குப் பெலன் காணாமல் இல்லை. பாய் அவளுக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே மீன் தராசில் முழுத் தொகுதியையும் தொங்கவிட்டு நிறுத்தேன். பாய், அதைத் தாங்கி நிற்கிற மரம், பூம் என்கிற கைப்பிடி வளையம், கயிறு எல்லாம் சேர்த்து 9.6 கிலோ. பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதுவும் காய்ந்த நிலையில். தண்ணீரில் விழுந்து கிடக்கிற பாயின் மேல் தண்ணீர் ஏறி நிற்கும். முதல் இழுவையில் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். பெரியவர்களுக்கே முதுகு பிடிக்கிற வேலை அது.

தூக்கின பிறகும் ஆறுதல் இல்லை. காற்றின் தள்ளுகையை ஒரு பரும்படிக் கணக்காகப் போடலாம். நொடிக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர், ஒரு சதுர மீற்றர் பாயை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாரத்தின் அளவுக்குத் தள்ளும். எங்களிடம் இருந்தது 5 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைந்த பாய். ஏழரைக் கிலோ. காற்று இரட்டித்தால் தள்ளுகை நாலு மடங்காகும். பண்ணையில் காற்று அப்படி இரட்டிக்க அரை மணி நேரம் போதும்.

அவளுக்கு ஒன்றரைச் சதுர மீற்றருக்கு மேல் கூடாது என்று முடிவு செய்துகொண்டு தேடத் தொடங்கினேன். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கென்றே ஒரு சதுர மீற்றரிலிருந்து பாய் கிடைக்கிறது. ஜெர்மனியில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி ஒன்றை வாங்கித் தர ஆயத்தமாகத்தான் இருந்தான். பாயைச் சுருட்டிப் பெட்டியில் கொண்டு வரலாம். மரத்தையும் பூமையும் விமானப் பொதியில் கொண்டு வருவது கரைச்சல். அவை இல்லாமல் வெறும் பாயை வைத்து என்ன செய்வது? இங்கேயே செய்து பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன்.

முதலில் செய்தது தறப்பாள் பாய். கடையில் விற்கிற நீலத் தறப்பாளை முக்கோணமாக வெட்டி, ஒரு விளிம்பை மடித்து உறை தைத்து, அதற்குள் மூங்கில் ஒன்றை நுழைத்தேன். முற்றத்தில் நிறுத்தியபோது வடிவாகத்தான் இருந்தது. தண்ணீரில் இரண்டு நாள் தாங்கியது. தறப்பாளின் நெசவு சாய்வாக இழுபட்டால் நெகிழ்ந்துகொண்டே போகும். பின்மூலை ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று நீண்டு, பாய் முழுக்கத் தொங்கல் விழுந்துவிட்டது. மூங்கிலின் கணுக்களுக்கு இடையே வெடிப்பு விழுந்து உள்ளே தண்ணீர் போனது. உறையின் அடியிலும் தண்ணீர் தேங்கியது. நனைந்தபின் நிறுத்தால் ஆறு கிலோ. சின்னப் பாய்தான், ஆனால் பிள்ளைக்கு அதே பாரம்.

அதைக் கரையில் காய வைத்திருந்தபோது, வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதானவர் எழும்பி வந்தார். எஞ்சின் வருவதற்கு முன் பாய் கட்டி ஓடின தலைமுறை. பாயைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தப் பாயின்ரை வயிறு பின்னுக்கு நிக்குது. வயிறு முன்னுக்கு நிண்டாத்தான் வள்ளம் நடக்கும். பின்னுக்குப் போனா இழுக்கும், ஆனா நடக்காது" என்றார். "ஓம் ஐயா" என்றேன். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் பிடிபட்டது.

பாயின் வயிறு என்பது காற்றில் அது புடைத்து நிற்கிற இடம். அது மரத்துக்குக் கிட்ட இருந்தால் காற்று பாயை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பலகையை முன்னே நகர்த்தும். பின்னால் ஒதுங்கினால், பிடித்திருக்கிற ஆளைப் பக்கவாட்டில்தான் இழுக்கும். பெரியவர்கள் உடம்பைச் சாய்த்துச் சமாளிப்பார்கள். 26 கிலோப் பிள்ளை எதைச் சாய்ப்பாள்? நெகிழாத துணி வேண்டும், வயிற்றை முன்னே பிடித்து வைக்க மரத்தை ஒட்டிய முன்விளிம்பை இறுக்கிக் கட்ட வழி வேண்டும். தறப்பாளில் இரண்டும் நடக்காது.

இந்த ஊர்க்காரர்கள் பாய் வேலையில் லேசுப்பட்டவர்கள் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, பெயரும் மாறி, 1938இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலின் பாயையும் யாரோ இங்கே திண்ணையில் உட்கார்ந்து கையால்தான் தைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்கு உசாராக இருந்தது.

நல்ல துணி வேறெங்கும் இல்லை, பெரிய பாயிலேயே இருந்தது. பலகையோடு வந்த பாய் இரண்டு. ஒன்று பாவனையில். மற்றது பெரியப்பா வீட்டு மாலில் சுருட்டிக் கிடந்தது. அடிப்பக்கம் கிழிந்து, கண்ணாடிப் பிளாஸ்டிக் சன்னல் வெயிலில் பொரிந்துபோன பழைய டாக்ரன் பாய். டாக்ரன் என்பது நெருக்கி நெய்த பொலியெஸ்டர். சாய்வாக இழுத்தாலும் இலகுவில் நெகிழாது. அதன் மரமும் கீழ்ப்பகுதியில் வெடித்துப் போயிருந்தது. இரண்டையும் கழிவு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். இரண்டிலும் மேல்பாதி பழுதில்லை.

பாயை விறாந்தையில் விரித்து அளந்தேன். முன்விளிம்பு 4.1 மீற்றர். அதிலிருந்து பின்மூலைக்குச் செங்குத்தாக 2.4 மீற்றர். பெருக்கிப் பாதியாக்கினால் 4.92 சதுர மீற்றர். முக்கோணத்தை அதே வடிவில் சிறிதாக்கினால், நீளம் பாதியாகும்போது பரப்பு காலாகும். தலையிலிருந்து 2.2 மீற்றரில் அடிமூலையை வைத்து, பழைய அடிவிளிம்புக்குச் சமாந்தரமாக ஒரு கோடு போட்டேன். பின்மூலை மரத்திலிருந்து 1.29 மீற்றரில் விழுந்தது. பரப்பு 1.42. நான் தேடிய அளவு பழைய பாயின் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மேல்பகுதியை வெட்டி எடுப்பதில் இன்னொரு இலாபம். தலையில் மரம் குத்தி நிற்கிற தொப்பியும், மரம் நுழைகிற உறையும் தைத்தபடியே வந்துவிடும். பாயில் தைக்கக் கடினமான இடங்கள் அவைதான். பின்விளிம்பை விறைப்பாக நிறுத்துகிற மேல்சிலாகையை மட்டும் கழற்றிவிட்டு, விளிம்பை இரண்டு சென்ரிமீற்றர் உட்குழிவாக வெட்டினேன். சிலாகை இல்லாத பாயின் பின்விளிம்பு நேராகவோ புடைத்தோ இருந்தால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கே பயப்படுவார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்டின துணியை ஒட்ட முடியாது. சோக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே மூன்று சென்ரிமீற்றர் மடிப்புக்கு விட்டு, அம்மாவின் தையல் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி வெட்டினேன். வெட்டு விளிம்பை மெழுகுதிரியின் பக்கத்தில் பிடித்தால் நூல் உருகிப் பிரியாமல் நிற்கும். சுவாலை துணியில் படக்கூடாது, கிட்டப் பிடித்தால் போதும்.

தையல்தான் அதிக நாள் எடுத்தது. வீட்டுச் சிங்கர் மெசினில் அடிவிளிம்பை மடித்துத் தைத்துப் பார்த்தேன். இரண்டு மடிப்பு வரை போனது. மூலைக்கு வந்ததும் ஊசி முறிந்தது. 16ஆம் நம்பர் ஊசி போட்டும் நாலு மடிப்புக்கு மேல் இறங்கவில்லை. நேர்த்தையல் வேறு. பாய் இழுபடும்போது நேர்த்தையலின் நூல் விடுபட இடமில்லாமல் தெறிக்கும். வளைந்து வளைந்து போகிற தையல் துணியோடு சேர்ந்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கடைசியில் ஓட்டோ இருக்கைகள் தைக்கிற குஷன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்கிற அண்ணை பாயை ஒரு புதுமையாகப் பார்த்தார். பிள்ளைகளுக்கு என்று சொன்னதும் கதைக்காமல் மெசினைத் துடைத்து, பொலியெஸ்டர் நூல் கோத்தார். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவரே சொன்னார்.

மூலைகளுக்கு மூன்று அடுக்கு டாக்ரன். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட நாலு விரல் பெரிது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அவை முடிகிற கோட்டிலேயே பாய் கிழியும். பித்தளை வளையம் அடிக்கவில்லை. தறப்பாள் பாயில் அடித்தது இரண்டாம் நாளே துணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதனால் பெட்டிவார் நாடாவை வளையமாக மடித்து, துருப்பிடிக்காத இரும்பு வளையம் ஒன்றை அதற்குள் வைத்து, நாடாவைப் பாயின் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு ஓடவிட்டுத் தைத்தோம். இழுவை துணி முழுக்கப் பரவும்.

மர உறையில் பூம் கட்டுவதற்கு ஒரு வாய் திறக்க வேண்டும். எந்த உயரத்தில்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. முக்கோணத்தின் மூன்று மூலைகளின் உயரத்தையும் கூட்டி மூன்றால் பிரித்தால் காற்று சேர்ந்து தள்ளுகிற நடுப்புள்ளி கிடைக்கும். அடிமூலை 0, பின்மூலை 75, தலை 220. கூட்டிப் பிரித்தால் 98 சென்ரிமீற்றர். மரத்திலிருந்து தூரத்துக்கும் அப்படித்தான்: 0, 0, 129. வருவது 43. தட்டையான பாய்க்குத்தான் இது சரியாகப் பொருந்தும். வயிறு விழுந்த பாயில் புள்ளி கொஞ்சம் நகரும். ஆனாலும் தொடங்குவதற்குப் போதும். பட்டத்தை நூலோடு பிணைக்கிற முச்சையைக் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முச்சை ஒரு விரல் மேலே போனால் பட்டம் ஒரு மாதிரி, கீழே இறங்கினால் இன்னொரு மாதிரி. பாயில் பிள்ளையின் இரண்டு கைகள்தான் முச்சை. நடுப்புள்ளி இரண்டு கைக்கும் இடையே விழ வேண்டும். மருமகளை நிற்க வைத்துப் பார்த்தேன். முன்கை மரத்திலிருந்து 25, பின்கை 60. நடுவே 43. உயரமும் அவளுடைய தோளுக்குச் சற்றுக் கீழே வந்தது. 85இலிருந்து 110 வரை வாய் திறந்து, வளருகிற பிள்ளைக்கு ஏற்றி இறக்க இடம் விட்டேன்.

மரத்தின் வெடித்த பாகத்தைக் கழித்து மேலே 2.35 மீற்றர் எடுத்தேன். கண்ணாடி நார் மரம். வாளால் அறுக்கிற இடத்தில் ஒட்டுநாடா சுற்றி, முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும். அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது, தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். பிள்ளைகளை வளவுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் அறுத்தேன். இரண்டு முனைக்குள்ளும் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் துண்டு செருகி, பைபர் படகு திருத்துகிற ஒருவரிடம் ரெசின் வாங்கி அடைத்தேன். ரெசின் சிலது றெஜிபோமைக் கரைத்துவிடும். படகுக்கு அடிக்கிற பொலியெஸ்டர் ரெசின் கட்டாயம் கரைக்கும். அதனால் முதலில் பொலித்தீனால் சுற்றித்தான் செருகினேன். இப்போது மரம் தண்ணீர் குடிப்பதில்லை, தானாக மிதக்கும்.

பூமுக்கு அலுமினியக் குழாய் வளைக்கப் போய்ப் பாதியில் நசுங்கியது. பட்டம் கட்டுகிற ஒரு பொடியன் இரண்டு மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்துத் தந்தான். நீளம் 1.55 மீற்றர், பெருவிரல் தடிப்புக்குச் சற்றுக் கூட. இரண்டையும் மீனின் உருவத்தில் முன்னும் பின்னும் சேர்த்துக் கட்டினால் நடுவில் 35 சென்ரிமீற்றர் அகலம். கைபிடிக்கிற தடிப்புத்தான் முக்கியம். பெரியவர்களின் பூம் 28, 30 மில்லிமீற்றர் இருக்கும். பிள்ளையின் விரல் அதைச் சுற்றி மூடாது. மூடாத கை ஐந்து நிமிடத்தில் களைக்கும். நாங்கள் 23இல் நிறுத்தினோம். பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றியது பிழை. கறுப்பு ரப்பர் வெயிலில் சுட்டது. அதைக் கழற்றி, சைக்கிள் கைபிடிக்குச் சுற்றுகிற வெள்ளை நாடா சுற்றினோம்.

மரத்தைப் பலகையோடு பூட்டுகிற அடிமூட்டு பெரிய பலகையினுடையதுதான். மரத்தின் அடியில் பொருந்த ஒரு நைலான் கட்டையை லேத் கடையில் கடைந்து எடுத்தேன். மூட்டு கழன்றால் பாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போய்விடாமல், மரத்தையும் பலகையையும் இணைத்து ஒரு காவல் கயிறு. அடிமூலையிலிருந்து மூன்று சுற்றுக் கீழ்க்கயிறு. இதுதான் வயிற்றை முன்னே கொண்டுவருகிற கயிறு. தூக்குக் கயிறு 12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. மெல்லிய கயிறு சின்னக் கையை அறுக்கும். உறையின் அடியில் தண்ணீர் வழிய இரண்டு ஓட்டை. பார்க்க ஒரு சன்னலும் வைத்தோம். பாய்க்கு மறுபக்கம் என்ன வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

தராசில் போட்டேன். 2.9 கிலோ.

முதல் மூன்று நாள் தண்ணீருக்கே போகவில்லை. முற்றத்து மணலில் பழைய ரயர் ஒன்றைப் பாதி புதைத்து, அதன்மேல் பலகைத் துண்டு ஒன்றை வைத்து அடிமூட்டைப் பூட்டினோம். மருமகளும் மற்றப் பிள்ளைகளும் அதில் நின்று பாயைத் தூக்கவும், முதுகை நிமிர்த்தி முழங்காலை மடக்கவும், காற்று கூடினால் பின்கையை விடவும் பழகினார்கள். பின்கையை விட்டால் பாய் கொடிபோலக் காற்றோடு ஆடும், இழுவை நின்றுவிடும். வேறெதையும் படிப்பிக்காவிட்டாலும் இதைப் படிப்பிக்க வேண்டும். பயந்த பிள்ளை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் இழுவை கூடும். விடப் பழகின பிள்ளைக்குப் பயம் குறையும். மண்ணில் பழகும்போதுதான் மரம் சாய்கிற கோணம் கொஞ்சம் கூடினாலும் பாய் பாரமாகத் தெரிகிறது என்பதை மருமகள் தானே கண்டுபிடித்தாள்.

1958இல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் ஒரு பலகையில் பாய் பூட்டி ஓட்டினான். பின்னாளில் இந்த விளையாட்டின் காப்புரிமை பற்றிய வழக்கில் ஆங்கில நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவனுக்கு ஆர் பாய் தைச்சுக் குடுத்தது?" என்று சின்னவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தண்ணீருக்கு எங்கே இறக்குவது என்பதும் பாய் அளவுக்கு முக்கியம். கசூரினாக் கடற்கரை அழகானது, மணல் நல்லது. ஆனால் அது காரைநகரின் வடக்குக் கரை. வைகாசி தொடக்கம் வீசுகிற தென்மேற்குக் காற்றான சோளகம் அங்கே கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். தடுமாறுகிற பிள்ளை திறந்த கடலுக்குப் போகும். பண்ணையில் சோளகம் முகத்தில் அடிக்கும். எதுவும் பிழைத்தால் காற்றே கரையில் கொண்டுவந்து சேர்க்கும். பரவைக்கடல் ஆழமும் குறைவு, பல இடத்தில் எனக்கு இடுப்பளவு. ஆனால் சிறகுவலைத் தடிகள் நிற்கிற பக்கம் போகக்கூடாது. தடியில் மோதினால் பிள்ளைக்கும் காயம், தொழிலாளியின் வலைக்கும் நட்டம். சிப்பி கிழிக்கும், அதனால் காலில் சப்பாத்து. உயிர்காப்பு அங்கி இல்லாமல் முழங்கால் தண்ணீரிலும் இறக்குவதில்லை. பலகையின் பின்னால் 20 மீற்றர் கயிறு கட்டி மறுமுனை என் கையில். காலமை ஒன்பது மணிக்கு முன் காற்று மெல்ல இருக்கும்போது இறங்கி, தண்ணீரில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் ஏறிவிடுவோம்.

முதல் நாள் பாயை ஒரே இழுவையில் தூக்கினாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. தூக்கின பாயைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில் விழுந்தாள். திரும்ப ஏறித் திரும்பத் தூக்கினாள். நான் எண்ணிக்கொண்டு வந்தேன், அன்று 22 தரம். அந்தக் காற்றில் பாயின் இழுவை இரண்டு கிலோவுக்குள்தான் இருந்திருக்கும்.

ஆனால் பலகை முன்னே போகாமல் பக்கமாக வழுக்கியது. கீழ்க்கயிற்றை நான் போதுமான அளவு இறுக்கவில்லை. வயிறு மறுபடி பின்னால் நின்றது. காலை மரத்தில் முட்டுக் கொடுத்து இரண்டு விரற்கடை இறுக்கினேன். உறையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மடிப்பு விழுந்தது. காற்று பிடித்ததும் அது மறைந்து, வயிறு மரத்துக்குக் கிட்ட வந்து நின்றது. பலகை நடந்தது. ஐயா சொன்னது இதைத்தான்.

இப்போது நாலு பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவளுக்கு 34 கிலோ. அவளுக்கு இந்தப் பாய் மென்காற்றில் காணாது, இன்னும் அரைச் சதுர மீற்றர் வேண்டும். சின்னவனுக்கு ஏழு வயது, 19 கிலோ, அவனுக்கு ஒரு சதுர மீற்றர் போதும். வெட்டின பாயின் மீதித் துணி விறாந்தையில் இருக்கிறது. அவன் நேற்று அதன்மேல் படுத்துக் கையை மேலே நீட்டி, சோக்கட்டியால் தன் உயரத்தைத் தானே கோடு போட்டு வைத்திருக்கிறான்.